நான் வாங்கிய சத்தியங்களைத் திருப்பிக் கொடுத்த கதை

எங்கள் மனநல முகாமில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, "குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுப்பது பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள் ஐயா" என்று கேட்டீர்கள். நாலு வரியில் எழுத எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

என் பெருமையை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு வேலைக்கு வந்த பட்டதாரிகள் எத்தனையோ பேர், பன்னிரண்டாவது வளைவிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்ததை என் ஜீப்பின் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். வந்தார்கள், ஆறு மாதம் இருந்தார்கள், போனார்கள். நான் இருந்தேன். முதலில் நான் மனநல முகாமின் ஜீப் டிரைவர். டாக்டரம்மா உள்ளே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டார் வெளியே வந்து என் ஜீப் பக்கம் நிற்பார்கள். டாக்டரிடம் சொல்லாததை எல்லாம் டிரைவரிடம் சொல்வார்கள். திரும்பும் வழியில் நான் அதை டாக்டரம்மாவிடம் சொல்வேன். ஒரு நாள் அவர், "இனிமே நீங்க வண்டியில உக்கார வேண்டாம், உள்ளே வந்து உக்காருங்க" என்றார். அப்புறம் சில வருடத்தில் குடும்பத்தாருக்கான வகுப்பை எடுக்கிறவனே நான்தான் என்றாகிவிட்டது. படிக்காத ஒருவன் இந்த மலையில் அந்த இடத்துக்கு வந்தது எனக்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது. ஆனாலும் கடைசி வரைக்கும் எல்லோருக்கும் நான் டிரைவர்தான்.

வகுப்பு மாதத்தின் முதல் புதன்கிழமை நடக்கும். ஏற்காடு ஒண்டிக்கடை முக்குக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களின் வீட்டார் வருவார்கள். கிளியூரிலிருந்து எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள், கரடியூரிலிருந்து காபியும் மிளகும் போட்டிருக்கும் மலைக்காரர்கள், பஜாரில் கடை வைத்திருப்பவர்கள், லாட்ஜில் வேலை பார்ப்பவர்கள். நம் வீட்டு ஆள் உயிரை மாய்த்துக்கொள்ளாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் பாடம். என்ன மாற்றம் தெரிந்தால் உஷாராக வேண்டும், எதையெல்லாம் எட்டாமல் வைக்க வேண்டும், எப்போது தனியே விடக் கூடாது, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

அந்தப் புத்தகத்தில் ஒரு பாடம் மட்டும் இந்த மலையில் எடுபடவே இல்லை. கேட்பது. "சாகணும்னு நெனப்பு வருதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் புதிதாக அந்த நினைப்பு வந்துவிடாது, கேட்டால்தான் அவர்கள் வாய் திறப்பார்கள் என்று டாக்டரம்மா சொல்வார். நானும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்வேன். கூடத்தில் இருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒரு அம்மா ஒரு தடவை எழுந்து நின்றே கேட்டுவிட்டது:

"ஏனுங்க, வெளக்கு வெக்கற ஊட்டுல நின்னுக்கிட்டு அந்தப் பேச்சப் பேசச் சொல்றீங்களே, வாய் வருமுங்களா?"

நான் அடுத்த பாடத்துக்குப் போகப் பார்த்தேன். ஏன் என்பதை இப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை நானும் ஒருத்தரிடமும் கேட்டதில்லை. சொல்லிக் கொடுப்பேன், கேட்க மாட்டேன். எனக்கும் வாய் வராது.

அந்த அம்மாதான் உட்காரும்போது சொன்னது: "வேணுமுன்னா ஒரு சத்தியம் வாங்கிக்கலாமுங்க. அது எங்களுக்குப் பழக்கந்தான்."

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. இந்த மலையில் சத்தியம் என்றால் விளையாட்டுக் காரியம் கிடையாது. ஊர்க்கோயிலில் தட்டில் கற்பூரம் ஏற்றி, அதன் மேல் உள்ளங்கையைக் காட்டிச் சொல்ல வேண்டும். கொடுக்கிறவர் ஒருவர், வாங்கிக்கொள்கிறவர் ஒருவர். வாங்கிக்கொள்கிறவர் "வாங்கிக்கிட்டேன்" என்று சொன்னால்தான் அது சத்தியம். ரத்த உறவு வாங்குவதைவிட வெளியாள் வாங்குவது உசத்தி. வெளியாளுக்கு என்னைவிட்டால் யார்?

நான் வாங்க ஆரம்பித்தேன். கிளியூரில் வாங்கினேன், கரடியூரில் வாங்கினேன், எஸ்டேட் லைன் வீடுகளில் விளக்கு முன்னால் வாங்கினேன். "சேர்வராயன் சாமி அறிய, என் உசுர நானாப் போக்கிக்க மாட்டேன்" என்று நோயாளி சொல்வார். "வாங்கிக்கிட்டேன்" என்பேன். அந்த நிமிடம் வீட்டார் முகத்தில் வருகிற வெளிச்சத்தை நீங்கள் பார்க்க வேண்டும். மாதக்கணக்காக மாற்றி மாற்றிக் காவல் இருந்தவர்கள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். சேலத்தில் ஒரு கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னேன். கோட்டுப் போட்டவர்களெல்லாம் கை தட்டினார்கள். படித்தவனுக்குத் தோன்றாதது படிக்காதவனுக்குத் தோன்றியிருக்கிறது பார் என்று எனக்குத் தலை கால் தெரியவில்லை.

டாக்டரம்மா மட்டும் கை தட்டவில்லை. மலை ஏறும்போது ஜீப்பில் கேட்டார்.

"அந்தச் சத்தியத்தால யாருக்கு நிம்மதி, டிரைவர்? அவங்களுக்கா, நமக்கா?"

"ரெண்டு பேருக்குந்தானுங்கம்மா."

"எனக்கு வேண்டாம்னு தோணுது. அப்புறம் அவங்க மனசுல இருக்கறத நம்மகிட்டச் சொல்ல வழி இருக்குமா?"

"நீங்க புஸ்தகம் படிச்சவங்க, அப்படித்தான் தோணும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கியரை மாற்றினேன். வெளியே சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு சண்டையாவது நடந்திருக்கும்.

இனி சடையன் கதைக்கு வருகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். கரடியூர்க்காரர். நாற்பது வயது. கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகுக் கொடி, நாலு ஆரஞ்சு மரம். மனைவி ராசம்மா. ஒரே மகள், சேலத்தில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தது. கடுமையான மனச்சோர்வு அவருக்கு. ஒரு முறை சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவர். மருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் தெளிந்ததும், அந்த ஊர்க்கோயிலில் வைத்து நான் அவரிடம் சத்தியம் வாங்கினேன். கற்பூரம் அணையும் வரை கையை எடுக்கவில்லை. அப்படி ஒரு சத்தியத்தை நான் வாங்கியதே இல்லை. அதற்குப் பிறகு எங்கே போனாலும் சடையன் பெயரைத்தான் சொல்வேன். இரண்டு கூட்டத்துக்கு அவரையே அழைத்துக்கொண்டு போய் மேடையில் நிறுத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அடக்கம் என்று நினைத்தேன்.

மார்கழி மாத வகுப்பு. காபிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் பாதிக் கூடம்தான் நிறைந்திருந்தது. காலையில் அபாய அறிகுறிகள் பற்றிய பாடத்தை முடித்திருந்தேன். படங்கள் போட்ட தாள் என் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் தூக்கம் வரும். அதனால் யாரையாவது எழுப்பிப் பேச வைப்பது என் பழக்கம். ராசம்மாவைக் கூப்பிட்டேன்.

"சடையன் எப்படி இருக்கறான்னு எல்லாருக்கும் சொல்லு கண்ணு."

"நல்லா இருக்காருங்கண்ணா" என்றது ராசம்மா. "முன்னயெல்லாம் பாய உட்டு எந்திரிக்கவே மாட்டாரு. இப்ப ஒரு வாரமா விடியறப்பவே எந்திரிச்சுக்கறாரு. எந்த மொளகுக் கொடிக்கு எப்ப மண்ணணைக்கணும், எந்த ஆரஞ்சு மரத்துக்குச் சீக்குன்னு எல்லாம் எனக்குக் காட்டிக் குடுத்தாரு. அவரு தம்பி ஊட்டு ஏணி நம்ம ஊட்டுலயே கெடந்துச்சு, அதத் திருப்பிக் குடுத்துட்டாரு. அவரு கம்பளியக்கூடத் தம்பிக்கே குடுத்துட்டாருங்க, எனக்கெதுக்கு அப்படின்னு."

"பாத்தீங்களா!" என்றேன் நான். "சத்தியம் பண்ணின மனுசனுக்கு எப்படிப் பொறுப்பு வந்திருச்சு பாருங்க! எல்லாரும் ஒரு தரம் கை தட்டுங்க."

தட்டினார்கள். கடைசி வரிசையில் மாரியாயி மட்டும் தட்டவில்லை. மாரியாயி கிளியூரிலிருந்து எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண். மகன் மருந்து சாப்பிடுவதால் வகுப்புக்கு வரும். என் வயதுதான் இருக்கும், வாய் கொஞ்சம் நீளம்.

"மார்கழிக் குளுருல ஒருத்தன் கம்பளியக் கழட்டிக் குடுக்கறானா?" என்றது.

"தம்பிக்குத்தானே குடுத்தான், மாரியாயி. அதுலென்ன?"

"எங்கண்ணனும் கடைசி வாரத்துல ஊட்டுக் கூரைய மாத்துச்சு. அவங்கவங்க சாமான அவங்கவங்க கிட்டக் கொண்டு போயிக் குடுத்துச்சு. தெளிஞ்சுருச்சுன்னு நாங்களும் சந்தோசந்தான் பட்டோம்."

மாரியாயி என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தொங்கிய தாளைப் பார்த்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது படம். ஒரு ஆள் தன் பொருள்களை மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற படம். காலையில் குச்சி வைத்துத் தொட்டுக் காட்டி நான் நடத்திய படம்.

"ஏனுங்க டிரைவரே, நீங்க அவரக் கேட்டீங்களா?"

"சத்தியம் பண்ணினவனப் போயி எப்படிக் கேக்கறது? சாமியச் சந்தேகப்பட்டாப்பல ஆயிருமே."

"சாமி சத்தியத்தக் காப்பாத்திக்கும். ஆளக் காப்பாத்துமா?"

ராசம்மா என் பக்கம் ஓடி வந்தது. "நானும் கேக்கலீங்க. கேட்டா, என் சத்தியத்த நம்பலயாம்பாருன்னு பயந்துக்கிட்டு இருந்துட்டேன். அண்ணா, அவரு இப்பத் தனியாத்தான் இருக்காரு."

வகுப்பை, கூட வந்திருந்த முகாம் நர்ஸம்மாவிடம் விட்டேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்தேன். ராசம்மா ஏறியது, கேட்காமலே மாரியாயியும் ஏறியது. மத்தியானம் மூன்று மணிக்கே பனிமூட்டம் ரோட்டை மூடியிருந்தது. லைட்டைப் போட்டுக்கொண்டு போனேன். ராசம்மா வீட்டுக்குப் போன் அடித்துப் பார்த்தது. மணி முழுவதும் அடித்து நின்றது. அதற்குப் பிறகு டவரே கிடைக்கவில்லை.

"ஒண்ணும் ஆகாது, ராசம்மா. நான் வாங்கின சத்தியம் இது வரைக்கும்..." என்று ஆரம்பித்தேன்.

"வண்டிய ஓட்டுங்க" என்றது மாரியாயி.

வீடு சாத்தியிருந்தது. நாய் மட்டும் வாசலில் படுத்திருந்தது. போன் உள்ளே அலமாரியில் இருந்தது. ராசம்மா காட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தது. மேல்காட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சத்தம் போட்டுச் சொன்னது: "கோயில்ல இருக்காருங்கக்கா! காலையிலிருந்து பூசாரி மாமங்கூடப் பேசிட்டிருக்காரு!"

ஓடினோம். இந்த வயதில் நான் ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கோயிலுக்கு முன்னால் பலாமரத்தடிக் கல்லில் சடையன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பூசாரி. அவருக்குத் தாய்மாமன் முறை. தட்டில் கற்பூரம் ஏற்றாமல் அப்படியே இருந்தது. சடையனுக்கு ஒரு காயமும் இல்லை. சட்டை சுத்தமாக இருந்தது. தலை சீவியிருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பூசாரி வாயைத் திறந்ததும் அது மறுபடியும் போய்விட்டது.

"நல்ல வேளை வந்தீங்க டிரைவரே. உங்ககிட்டக் குடுத்த சத்தியத்த எறக்கி வெக்கணுமுன்னு காலையிலிருந்து நிக்கறான். வாங்குனவரு வந்து உட்டாத்தான் ஆகும், எனக்கு அதுக்கு அதிகாரமில்லேன்னு சொல்லிட்டேன். என்ன சத்தியமுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான்."

சடையன் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். எப்போதும் எழுந்து நிற்பார், மரியாதை தெரிந்த மனிதர்.

"உங்களத்தானுங்கண்ணா நெனச்சுக்கிட்டிருந்தேன். உட்ருங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதற்குப் புத்தகத்தில் பக்கம் கிடையாது.

அந்த மனிதர் சாக முடிவு செய்திருந்தார். ஆனால் சத்தியத்தை மீற மாட்டார். அதனால் முறைப்படி சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்து காத்திருந்தார். ஏணியைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. நான் வாங்கிய சத்தியம் அவரை அந்தக் கல்லில் காலையிலிருந்து உட்கார வைத்திருக்கிறது, அது உண்மை. அதே சத்தியம்தான் அவரை மாதக்கணக்காக வாய் திறக்கவிடாமலும் வைத்திருக்கிறது. அதுவும் உண்மை.

என் நாக்கில் வந்து நின்றது "விட மாட்டேன்" என்ற சொல்தான். ராசம்மாவும் கண்ணால் அதைத்தான் கெஞ்சியது. விடாவிட்டால் அவர் கட்டுண்டு கிடப்பார், நாம் நிம்மதியாக ஜீப்பைத் திருப்பலாம். ஆனால் எத்தனை நாளைக்கு? அவர் வீட்டுக்குப் போய் மறுபடியும் "நல்லா இருக்கேன்" என்பார். ராசம்மா கேட்காது. நான் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லுவேன். ஒரு நாள் அந்தச் சத்தியமும் தாங்காது. விட்டுவிட்டால்? அவரைப் பிடித்து வைத்திருக்கும் ஒன்றை நானே கையால் எடுத்துவிடுகிறேன். டாக்டரம்மாவைக் கேட்கலாம் என்றால் போனில் ஒரு கோடுகூட இல்லை. இருபது வளைவுக்குக் கீழே இருந்தார் அவர்.

பின்னாலிருந்து மாரியாயி ஒரே ஒரு சொல் சொன்னது. "கேளுங்க."

கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக. என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"சடையா, சாகணும்னு நெனப்பு இருக்குதா?"

அவர் தட்டிலிருந்த கற்பூரத்தைப் பார்த்தார். "அதச் சொன்னா சத்தியம் கெட்டுருமுங்களே."

"சொன்னாக் கெடாது, கண்ணு."

"நெனச்சாலே கெட்டுருமுன்னு இருந்துட்டேனுங்கண்ணா. தீவாளியிலிருந்து நொம்ப வருதுங்க. நெனப்பு வந்ததே சாமி குத்தம். அப்புறம் அத யாருகிட்டச் சொல்றது? ராசுகிட்டச் சொன்னா, சத்தியம் பண்ணினயேன்னு அழுவா. உங்ககிட்டச் சொல்லலாமுன்னா, நீங்க என்னைய ஊரூராக் கூட்டிப் போயிப் பெருமையாச் சொல்றீங்க. எப்படிச் சொல்றது?"

அறை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பூசாரியிடம் கற்பூரத்தை ஏற்றச் சொன்னேன். ராசம்மா "வேண்டாமுங்கண்ணா" என்று கத்தியது. "நீ அவன் பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்க கண்ணு, எந்திரிக்காத" என்று சொல்லிவிட்டு, தீயின் மேல் என் கையைக் காட்டினேன்.

"சேர்வராயா, இந்த மனுசங்கிட்ட வாங்குன சத்தியத்தத் திருப்பிக் குடுக்கறேன். வாங்குனதே என் தப்பு. நெனப்பு வந்தது அவன் குத்தமில்ல. குத்தம் இருந்தா எம்மேல போடு."

கற்பூரம் எரிந்து முடிந்தது. இன்னொரு சத்தியம் வாங்கிவிடலாமா என்று அந்த நேரத்திலும் ஒரு ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். வாங்கவில்லை. அவர் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தேன்.

"இப்பச் சொல்லு" என்றேன்.

சொன்னார். என்ன சொன்னார் என்பது அவருடையது, எழுத மாட்டேன். அழுதார், நிறுத்தினார், மறுபடி சொன்னார். ராசம்மா கையை விடவே இல்லை. நடுவில் புத்திமதி சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. ஒவ்வொரு தடவையும் மாரியாயி முழங்கையால் என் விலாவில் இடித்தது. பூசாரி ஒரு மூலையில் நின்று வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் ஓய்ந்ததும் நான் சொன்னேன்: "இப்பவே டாக்டரம்மாகிட்டப் போறோம். இன்னைக்கு உன்னையத் தனியா உடமாட்டோம்."

"சரிங்க" என்றார். அவ்வளவுதான். மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். பாரத்தைத் தூக்கித் தூக்கி அவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

பின் சீட்டில் நடுவில் அவர், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். மலை இறங்கும்போது நான் வேகமாகத்தான் போனேன். ஏழெட்டு வளைவு தாண்டியதும் மாரியாயி கத்தியது:

"ஏனுங்க டிரைவரே, இவனக் காப்பாத்தறேன்னு எங்க ரெண்டு பேத்தையும் கொன்றாதீங்க!"

சடையன் சிரித்தார். சின்னச் சிரிப்புதான். கண்ணாடியில் பார்த்தேன். அந்த ஜீப்பில் நான் பார்த்த எத்தனையோ முகங்களில் அது ஒன்றுதான் இன்னும் அப்படியே இருக்கிறது.

டாக்டரம்மா ரொம்ப நேரம் அவரோடு பேசி, வார்டில் சேர்த்துவிட்டு வெளியே வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

"வீட்டுக்காரி பக்கத்துல இருந்தாங்க, உடனே இங்க கொண்டு வந்துட்டீங்க. அது ரெண்டும் இல்லாம அத அவிழ்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சீங்களா?" என்றார். அப்புறம், "இன்னும் எத்தனை பேர்கிட்ட வாங்கி வெச்சிருக்கீங்க?"

"விரல் விட்டு எண்ண முடியாதுங்கம்மா."

"எல்லாத்தையும் திருப்பிக் குடுங்க. குடுக்கும்போது, கேட்டுட்டுக் குடுங்க. 'இருக்கு'ன்னு யாராவது சொன்னா அன்னிக்கே எனக்குத் தெரியணும்." அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முன்னாலேயே சொன்னேனே என்று ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டாத மனிதர் அவர். என் வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே பெரிய படிப்பு அதுதான்.

அடுத்த மாத வகுப்பில் எழுந்து நின்று, நான் சொல்லிக் கொடுத்தது தப்பு என்று சொன்னேன். பஜாரில் பழக்கடை வைத்திருப்பவர் ஒருவர் கேட்டார்: "அப்ப இத்தன நாளு எங்களுக்குப் பொய்யா சொல்லிக் குடுத்தீங்க?" சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். மேடையில் கை தட்டு வாங்கும்போது நின்றதைவிட அப்படி நிற்பதற்குக் கால் வலு அதிகம் வேண்டும்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வீடு வீடாகப் போனேன். போய்ப் பாருங்கள், அப்போது தெரியும். நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டை எழுப்பி, "நீங்கள் தூங்கக் கூடாது" என்று சொல்வது போன்ற வேலை அது. ஒரு தகப்பன் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "நல்லாக் கெடக்கற புள்ளைய ஏனுங்க கிளறி உடறீங்க?" என்றார். நாலு தடவை போனபின்தான் உள்ளே விட்டார். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேள்வியைக் கேட்டேன். வீட்டார் முன்னாலேயே கேட்டேன், அவர்களுக்கும் வாய் பழகட்டும் என்று. "நல்லா இருக்காங்க" என்று எனக்குச் சொல்லப்பட்ட வீடுகளில் சிலவற்றில் "இருக்கு" என்று பதில் வந்தது. பெருமூச்சு விடுகிற மாதிரி வந்தது. அன்றைக்கே ஜீப்பில் ஏற்றினேன்.

எல்லாருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். இந்த மலையில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் நான் சுற்று வழியில் போவேன். அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டார் உங்களிடம் வாக்குக் கேட்பார்கள், வாக்கு வாங்கித் தரவும் கேட்பார்கள். பேப்பரில் கையெழுத்தாக, பிள்ளை தலையில் கை வைத்து, ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்பார்கள். வாங்கித் தராதீர்கள். அவர்களோடு உட்கார்ந்து அந்தக் கேள்வியைச் சத்தமாகச் சொல்லிப் பழக வையுங்கள். முதலில் நீங்கள் சொல்லிப் பழகுங்கள். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். "இருக்கு" என்று பதில் வந்தால் என்ன செய்வது என்பது உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது, அதைக் கரைத்துக் குடியுங்கள்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான் வேலையிலிருந்து நின்ற பிறகு, போன மாதம் ஒரு நாள் காலையில் கரடியூர் பஸ்ஸில் ஏறிச் சடையன் வீட்டுக்குப் போயிருந்தேன். சும்மாதான். வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. ராசம்மா வெல்லம் போட்ட வரக்காப்பி கொண்டு வந்தது. டம்ளரை அவர் கையில் கொடுக்கும்போதே, "இனிப்புப் பத்துமா" என்று கேட்கிற குரலில் கேட்டது:

"இன்னைக்கு இருக்குதா?"

"இல்ல" என்றார் அவர். "முந்தாநேத்துக் கொஞ்சம் இருந்துச்சு."

"அதான் சொன்னீங்களே. மாத்தரை நேரத்துக்குப் போட்டீங்களா?"

"போட்டேன், போட்டேன். டிரைவரண்ணனுக்குக் காப்பி ஆறுது பாரு."

இந்த மலையில் கேட்கவே முடியாது என்று நான் முடிவு கட்டிய கேள்வி, அந்த வீட்டில் காப்பியோடு தினமும் வருகிறது. நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன். சடையன் ஒரு வாய் குடித்துவிட்டு, சாதாரணமாக என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குங்கண்ணா?"

"எனக்கென்ன சடையா! இந்த மலையில என்னை மாதிரி..." என்று ஆரம்பித்தேன். வழக்கமாகச் சொல்கிற பாட்டு. அவர் குறுக்கே பேசவில்லை. தலையாட்டவும் இல்லை. பதில் இன்னும் வரவில்லை என்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

"சாகற நெனப்பெல்லாம் இல்ல" என்றேன். "நொம்பக் களைப்பா இருக்குது சடையா. ரெண்டு ஊடு கண்ணு முன்னாலயே நிக்குது."

"சொல்லுங்க" என்றார். ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ராசம்மா என் கையிலிருந்த ஆறிப்போன காப்பியை வாங்கிக்கொண்டு சூடு பண்ண உள்ளே போனது.

சொன்னேன். அந்த இரண்டு வீட்டையும் சொன்னேன். அதுவரைக்கும் யாரிடமும் சொல்லாதது. அவர் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. மத்தியான பஸ்ஸுக்கு நான் எழுந்தபோது, தைரியமாக இருங்கள் என்றோ, இனிமேல் அதை நினைக்க மாட்டேன் என்று சொல்லுங்கள் என்றோ என்னிடம் அவர் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

"புதன்கெழம வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை தோறும் கரடியூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன்.